உடுத்தாத சேலை

24.11, திங்கள்
காலையில் தூறல். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளி வரை செருப்பு கையில்தான். கரிசல் அப்பி, கால் ஒவ்வொன்றும் ஒரு படி கனம்.

தலைமை ஆசிரியர் (த.ஆ.) ஒரு தாள் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட், 6, 7, 8 மூன்று வகுப்பும் சேர்த்து. தலைப்பு: படைப்பு வடிவமைப்பு, தொழில்நுட்பம், நாடகம். மூன்றும் ஒன்றாகவா, வாரம் ஒன்றாகவா? கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

“நீங்கதான் புதுசாப் படிச்சிட்டு வந்திருக்கீங்க டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? வெள்ளிக்கிழமை நானும் உக்காந்து பாக்கேன். சரிப்பட்டா தொடருவோம். இல்லைன்னா அந்த ரெண்டு பீரியடையும் கணக்குக்குக் கொடுத்துருவோம்.”

என்னை எடுத்ததே அந்த இரண்டு பீரியடுக்காகத்தான். அது கணக்குக்குப் போனால் நான் வீட்டுக்கு.

படித்தது இயற்பியல். தொழில்நுட்பம் எப்படியாவது சமாளிக்கலாம். நாடகம்? பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டபோதெல்லாம் நான் திரை இழுக்கிற ஆள். ஐந்து வருஷம். ஒரு தடவைகூட முன்னால் வந்ததில்லை.

25.11, செவ்வாய்
வெயில். சளி.

திட்டம், மூன்றாவது தடவையாக:
நோக்கம் – (பிறகு)
பொருள்கள் – பேட்டரி, சின்ன பஸ்ஸர், ஒயர், அட்டை, கத்தரி
செயல்பாடு – ஊரில் ஒரு பிரச்சினை, அதற்கு ஒரு கருவி, அதை வைத்து ஒரு நாடகம்??
மதிப்பீடு – (யாரை?)

ஏழாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். நம் ஊரில் என்ன பிரச்சினை? ‘குப்பை’, ‘தண்ணீர்’ என்று எழுதப் பலகையில் இடம்கூட விட்டிருந்தேன்.

“பன்னி, டீச்சர்!”

“காட்டுப்பன்னி! மக்காச்சோளத்த பூரா தின்னுட்டுப் போவுது.”

த.ஆ. முன்னால் பன்றியா? “வேற ஏதாவது சொல்லுங்க” என்றேன்.

பின் பெஞ்சிலிருந்து, “அப்போ பன்னிக்குட்டி.” ஒரே சிரிப்பு. அதட்டத் தெரியவில்லை. சாக்பீஸைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சரி, முதலில் திரை. திரை இருந்தால் நாடகம் தானாக வரும் என்று பட்டது. பலகையில் எழுதினேன்: ‘வீட்டில் உடுத்தாத பழைய சேலை ஒன்று, நாளைக்குக் கொண்டுவரவும்.’

அம்மாவிடமும் கேட்டேன். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், விரலெல்லாம் பசை.

“உடுத்தாத சேலையா? ஏட்டி, நம்ம வீட்லயா? பட்டணத்துல பொறந்தவ மாதிரில்லா கேக்க.”

26.11, புதன்
மேகம். மழை இல்லை.

ஏழு சேலை வந்தது. எல்லாம் வெளுத்து, ஈரமாக, கரையில் கரிசல் மண், மடிப்பில் புல்விதை. இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு அவிழ்த்த சுருக்கம். ஏழிலும் அப்படியே. என்ன வீடுகளோ என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன். குழாயடியில் அலசி, மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து ஏழையும் சேர்த்துத் தைத்தேன். நல்ல திரை. பச்சை, மாம்பழக் கலர், ஊதா.

திரை ஆயிற்று. அதற்குப் பின்னால் என்ன நடக்கும்? தெரியவில்லை. நோக்கம் இன்னும் (பிறகு).

27.11, வியாழன்
மழை வரும்போல் புழுக்கம். மோசமான நாள். அல்லது இல்லை. குழப்பம்.

முதல் பீரியடிலேயே ஏழாம் வகுப்பு மகாலட்சுமியின் அப்பா வந்துவிட்டார். ராமசாமி. துண்டு தோளில், முழங்கால் வரை மண்.

“சார், ராத்திரி பன்னி எறங்கி மேக்க நாலு வரிச் சோளத்தச் சாச்சிட்டுப் போயிருக்கு. கதிரு பால் புடிக்கிற நேரம். சேலைய எவன் அவுத்தான்னு பாத்தா எம் மவளே அவுத்திருக்கா. கேட்டா, டீச்சர் கேட்டாவன்னு சொல்லுதா. டீச்சருக்கு எதுக்கு சார் எங்காட்டுச் சேலை?”

“உக்காருங்க அண்ணாச்சி.”

“நான் உக்கார வரல சார்.”

த.ஆ. என்னைப் பார்த்தார். நான் தரையை.

மகாவிடம் பிறகு கேட்டேன். அவளுக்கு என் கேள்விதான் விளங்கவில்லை. “உடுத்தாத சேலைன்னுதான டீச்சர் சொன்னீய? எங்க வீட்ல உடுத்தாத சேலையெல்லாம் காட்டச் சுத்தித்தான கட்டிக் கெடக்கு.”

தினமும் பஸ் ஜன்னலில் பார்ப்பதுதான். மக்காச்சோளக் காடு ஒவ்வொன்றையும் சுற்றி நாலு பக்கமும் சேலை. பன்றி உள்ளே வராமல் இருக்க. பார்த்தேன், எதுவும் நினைத்ததில்லை. எங்களுக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது, அதனால் என்று சொல்லிக்கொள்ளலாம். அது காரணமா? அம்மாவும் அதைத்தான் சொன்னாள், ‘பட்டணத்துல பொறந்தவ மாதிரி’ என்று.

மற்ற ஆறும் அப்படித்தானாம். இன்று ராத்திரிக்குள் எல்லாம் திரும்பக் கட்டியாக வேண்டும்.

த.ஆ. கேட்டது ஒன்றுதான். “நாளைக்கு வகுப்பு உண்டா டீச்சர்?” தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது.

நாலரை மணிக்குப் பிள்ளைகள் திரையைச் சுற்றி உட்கார்ந்து வேலிக்கருவ முள்ளால் தையலைப் பிரித்தார்கள். என் அரை நாள் தையல், கால் மணி நேரத்தில். ஆறு பேர் அவரவர் சேலையோடு ஓடினார்கள். மகாவோடு நான் போனேன். மன்னிப்புக் கேட்க. வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ராமசாமி அண்ணாச்சி காட்டோரம் நின்றிருந்தார். சேலை முனையை வாங்கிக் கம்பில் கட்டினார். வேடிக்கை பார்க்க நாலைந்து பிள்ளைகள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்றார்கள். ஏன் என்று கேட்டேன், மெதுவாக. ஒருத்தன் உடனே கை கால் ஊன்றிப் பன்றி ஆகிவிட்டான். உறுமிக்கொண்டு நேராக வந்து சேலையில் முட்டினான்.

“ஏலே, பன்னி அப்படியால வரும்?” அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. “நின்னு மோப்பம் புடிக்கும். பொறவு மூஞ்சிய அடியில விட்டு நெம்பும், ஏத்திக் கட்டுனா அடி வழியா நொழஞ்சிரும். இந்தா, இப்படி.” குனிந்து, கழுத்தைச் சாய்த்து, சேலைக்கடியில் தலையை விட்டுக் காட்டினார். அப்படியே பன்றி. நான் இருப்பது ஞாபகம் வந்ததும் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

“நெம்புறது ராத்திரில நமக்குத் தெரிஞ்சா போதும். சேலை சத்தம் போடாதுல்லா” என்றாள் மகா.

“அண்ணாச்சி,” என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். “நெம்பும்போது சேலை எவ்வளவு தூரம் அசையும்?”

என்னையே பார்த்தார். பிறகு கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

மன்னிப்புக் கேட்கப் போனவள் கேட்டது இது. மன்னிப்பைக் கேட்கவே இல்லை என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

28.11, வெள்ளி
மழை. நல்ல மழை. கால் மண் கழுவ ஐந்து நிமிஷம்.

சேலை அம்மா கொடுத்தாள். கேட்கக்கூட இல்லை. “நாளைக்கு நான் உடுத்தணும், கிழிச்சிராத.”

திரை இல்லை. இரண்டு பெஞ்சுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் அம்மா சேலை. பிஸ்கட் பாக்கெட் ஜிகினாத் தாளில் இரண்டு பட்டை, ஒன்று சேலையில், ஒன்று அதற்குப் பின்னால் நிறுத்திய கம்பில், ஒரு சாண் இடைவெளி. பேட்டரி, பஸ்ஸர். சேலையை நெம்பினால் பட்டைகள் தொட்டுச் சத்தம் வரவேண்டும். நேற்றைய பையன்தான் பன்றி. த.ஆ. நாற்காலியில். ராமசாமி அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே குடையோடு. வகுப்பு பார்க்க வரவில்லையாம், மகளுக்குச் சோறு கொண்டுவந்தாராம். மூன்று மணிக்கு.

முதல் தடவை சத்தம் வரவில்லை. என் காது மட்டும் கொதித்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பட்டையை மடித்து முன்னால் இழுத்துவிட்டாள். இரண்டாம் தடவை பன்றி மோப்பம் பிடித்தது, மூஞ்சியை விட்டது, நெம்பியது. கீ...! பன்றியே பயந்து பெஞ்சில் முட்டிக்கொண்டது.

“இனிமே கதையை மொதல்லேர்ந்து” என்றாள் மகா. அவளே அப்பா. இன்னொருத்தி மகா. “டீச்சர் யாரு?” யாரும் வரவில்லை. “டீச்சர் வேஷம் டீச்சரே போடட்டும்!”

ஒதுங்கி நிற்க ஒரு மடிப்புத் துணிகூட இல்லை. முழங்கால் உயரச் சேலைதான். நடுவில் போய் நின்றேன். சாக்பீஸ் கையில் இருந்தது. “எல்லாரும் நாளைக்கு, வீட்டில் உடுத்தாத சேலை ஒண்ணு கொண்டு வரணும்.” கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். ஜன்னலுக்கு வெளியேதான் முதல் சிரிப்பு. பிறகு வகுப்பு முழுக்க. த.ஆ. கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டார்.

மணி அடித்தது. அண்ணாச்சி உள்ளே வந்து பஸ்ஸரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மழையில இது நனையாதா டீச்சர்?”

யோசித்துப் பார்க்கவே இல்லை அதை.

த.ஆ. கால அட்டவணையை எடுத்தார். “அடுத்த வெள்ளிக்கிழமைக்கு என்ன வச்சிருக்கீங்க?”

“தெரியலை சார்” என்றேன். கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கும்.