இது அம்மா வைத்த மீன் இல்லை

வண்டிப்பெரியார்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கோகுல்நாத்துக்கு அப்பா பிச்சைமணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தங்கையும் ஒருவருக்கு ஒருவர் துணையாக நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம், அங்கு மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணே, அப்பா இவ்வளவுதான் சொன்னார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மிச்சத்த நீயே எழுதிரு பிள்ள, நா சொன்னா கோணலாப் போவும்” என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். அதனால் இனி நான் என்று வருவதெல்லாம் யோகப்பிரியா. போனை என்னிடம் கொடுத்தால் ம், ம் என்று மட்டும் சொல்கிறேன், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்பாய் அல்லவா, பேச வராதது எனக்கு எழுத வரும், பத்தாம் வகுப்போடு நின்றாலும் அந்த மட்டும் எழுதுவேன். தனபால் மாமாவின் மருமகன் செங்கோட்டையன் அண்ணன் நாளைக் காலையில் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடும் மீன் டப்பாக்களின் மேல் இந்தக் காகிதத்தை வைக்கிறேன். டப்பாவைத் திறக்கும் முன்னால் இதைப் படி.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் காலையில், வீடு முழுக்க ஆள் இருந்தும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. அம்மா இல்லாததுதான் அப்படி இருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நம் ஃப்ரிட்ஜ் எப்போதும் போடுகிற அந்த முனகல் சத்தம் இல்லை. அதன் காலடியிலிருந்து தண்ணீர் கசிந்து பாய்க்கு அடியில் போயிருந்தது.

உள்ளே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும், அம்மாவே போனில் சொன்னாள். செங்கோட்டையன் அண்ணன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டதும் ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிறவரிடம் கேரை மீன் சொல்லிவைத்தாள். முள் குறைவு, சதை கெட்டி, ஐஸில் கிடந்தாலும் உதிராது என்று அதைத்தான் வாங்குவாள். தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்தவள் இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் குழாயடியில் மீனோடு உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்து, “ஏட்டி, மீனத் தொட்டா கை அழிஞ்சா போவும், வந்து செதிலச் செரண்டு” என்று ஒரு சத்தம். மீனைப் புளித்தண்ணீரில் அலசி, மஞ்சளும் மிளகாயும் பிரட்டி முக்கால் வேக்காட்டில் பொரித்து எடுத்தாள். கத்தரிக்காயைக் காம்போடு நாலாக வகுந்து அதே எண்ணெயில் வதக்கினாள், உனக்குக் காம்பைச் சப்பத்தான் பிடிக்கும் என்றாள். மாங்காயைக் கொட்டையோடு போட்டாள். உருளைக்கிழங்கும் போடலாமா என்று நான் கேட்டதற்கு, “ஐஸ்ல வெச்ச கெழங்கு மண்ணு மாதிரி ஆயிரும், ஒங்கண்ணன் என்னயத் திட்டணும், அதானே ஒனக்கு வேணும்” என்றாள். தேங்காய் அரைக்கவே விடவில்லை, பிளேன் இறங்குவதற்குள் ஊசிப்போகும் என்றாள். குழம்பைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி, சூடு முழுக்க ஆறும்வரை மூடி போடாமல் அதன் பக்கத்திலேயே பூனைக்குக் காவல் இருந்தாள். ஐஸ்கிரீம் டப்பாக்களில் உன் ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்று என்று பிரித்து, உறையும்போது குழம்பு பெருகும் என்று மேலே ஒரு விரல் இடம் விட்டு மூடினாள். டூட்டி முடிந்து வந்து நீ சோறு மட்டும் வடித்தால் போதும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றுக்கும் ம் சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள்தான் தேயிலைக் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜீப்பில் கொண்டுபோனார்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதைத் தனபால் மாமா உன்னிடம் சொல்லிவிட்டார், மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. நான் வருகிற வரைக்கும் அம்மாவை எடுக்காதீர்கள் என்று நீ அழுதது போனை யார் காதில் வைத்திருந்தாலும் கூடம் முழுக்கக் கேட்டது. உன் பாஸ்போர்ட் விசா அடிக்கப் போயிருக்கிறது, கையில் கிடைத்ததும் ஏறிவிடுவாய் என்றதும் அப்பா யார் பேச்சையும் கேட்கவில்லை, அவன் வரட்டும் என்று ஒரே சொல்லில் நின்றார். டவுனில் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடும் ஜின்சன் சேட்டன் அதைக் கொண்டுவந்தார். பெட்டியின் வயரை எடுத்துக்கொண்டு சுவரெல்லாம் தேடி, அப்பாவிடம், “சேட்டா, இதுக்குச் சின்ன ஓட்டை போதாது, பெரிய பிளக் பாயிண்ட் வேணும்” என்றார். நம் லயத்து வீட்டில் பெரிய பாயிண்ட் ஒன்றுதான், ஃப்ரிட்ஜுக்குப் போட்டது. அப்பாதான் தன் கையால் அதைப் பிடுங்கினார். அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்ன செய்திருப்போம் அண்ணே, நீ பார்ப்பதற்கு அம்மா முகம் இருக்க வேண்டாமா.

இரண்டு ராத்திரி அம்மா அந்தக் கண்ணாடிக்குள் இருந்தாள். பாஸ்போர்ட் வரவில்லை என்று நீ சொன்ன பிறகுதான் எடுத்தார்கள். உன்னை யாரும் குறை சொல்லவில்லை. பெரியத்தை மட்டும், “ஒத்த ஆம்பளப் பிள்ள, ஒரு பிடி மண்ணு போட வரலையே” என்று ஆரம்பித்தாள், அப்பா திரும்பிப் பார்த்ததில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜின்சன் சேட்டன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார். ஃப்ரிட்ஜ் வயரைத் திரும்பச் செருக வேண்டும் என்று யாருக்கும் நினைவில்லை.

நான் கதவைத் திறந்தபோது டப்பாக்களின் மூடி உப்பியிருந்தது. ஒன்றைத் திறந்தேன், உடனே மூடிவிட்டேன். அந்த வாசனையை உனக்கு எழுத மாட்டேன். துக்க வீட்டில் மீன் நாற்றம் வந்தால் பேச்சாகும் என்று ஒருவருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் வாளியில் போட்டு மூடி எடுத்துப் போய்க் கொய்யா மரத்துக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டி மண் போட்டேன். தனபால் மாமா மட்டும் பார்த்தார், மண்வெட்டியை வாங்கி மீதி மண்ணைத் தள்ளிக் கொடுத்தார். டப்பாக்களைக் கழுவும்போதுதான் எனக்கு அம்மா செத்துப்போனாள் என்று அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று நீ போன் செய்து, அம்மா எனக்கென்று வைத்த மீன் இருக்கிறதா, காரியத்துக்குத் தங்கிவிட்ட செங்கோட்டையன் அண்ணன் வரும்போது கொடுத்துவிடுங்கள், அம்மா கையால் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும் என்று கேட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அப்பா, “இருக்குடா, பத்திரமா இருக்கு, குடுத்துவுடுதேன்” என்று சொல்லிவிட்டார்.

காரியம் கழிந்த மறுநாள் அப்பா கேரை மீன் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். “அதே மாதிரி வெச்சிரு பிள்ள, ஒங்கம்மா கைப்பக்குவம் ஒனக்கும் உண்டு, அவன் நாக்குக்குத் தெரியவா போவுது, அம்மா வெச்சதுன்னு ஒரு வாய் நிம்மதியாத் திங்கட்டும்” என்றார். நான் எப்போதும் போல ம் என்றேன். அம்மா செய்தபடியே எல்லாம் செய்தேன், காம்போடு கத்தரிக்காய், கொட்டையோடு மாங்காய், மேலே ஒரு விரல் இடம். இப்போது கல் மாதிரி உறைந்திருக்கிறது. செங்கோட்டையன் அண்ணன் வந்து டப்பாவைத் தட்டிப் பார்த்து, அவர் ஊரான வடகரப்பதியின் கொங்குப் பேச்சில், “ஏனுங்க மாமா, பேப்பர நல்லா நாலு சுத்து சுத்திக் குடுங்க, போன தடவ எங்கூட்டு ஊறுகா ஒழுகி என்ர சட்டையெல்லாம் நல்லெண்ண வாசனைங்க, ரூமுல ஒருத்தனும் பக்கத்துல படுக்கலீங்க” என்றார். அம்மா போன பிறகு அப்பா சிரித்தது அதற்குத்தான். போகும்போது அவர், “அத்தை கடைசியா வெச்சதுங்களா, என்ர மடியிலயே வெச்சுக் கொண்டுபோறனுங்க” என்றதும் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

கடிதத்திலும் அப்படியே எழுதச் சொல்லித்தான் அப்பா என்னை உட்கார வைத்தார். அம்மா உனக்காக வைத்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன் அண்ணே. உன்னை எனக்குத் தெரியும், நீ தினம் ஒன்று சாப்பிட மாட்டாய், கடைசி டப்பாவைத் திறக்காமல் ரூமில் இருக்கிறவர்களோடு சண்டை போட்டு அந்த ஃப்ரிட்ஜிலேயே வைத்துக்கொள்வாய். நான் பிசைந்த மிளகாயை அம்மா என்று நினைத்துக் கும்பிடுவாய். ஒரு நாள் ஊருக்கு வரும்போது தனபால் மாமா வாய் தவறிச் சொல்லிவிடுவார், அப்போது அம்மா உனக்கு இரண்டாம் தடவை சாவாள். அதற்கு மேல் நான் உன் முகத்தைப் பார்த்துப் பேசவே முடியாது, இப்போதே எனக்குப் பேச்சு குறைவு. அதனால் சொல்லிவிடுகிறேன், இது அம்மா வைத்த மீன் இல்லை, நான் வைத்தது. அம்மா வைத்தது கொய்யா மரத்தடியில் இருக்கிறது. அவள் எப்படி வைத்தாள், என்னென்ன சொன்னாள் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. உனக்குக் கொடுக்க என்னிடம் அதுதான் இருக்கிறது.

இதுவரை எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, நடுவில் விட்டுவிட்டுப் படித்திருக்கலாம், விடவில்லை. முடித்ததும் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “நா பொய் சொன்னேன்னு எழுதிட்டியா” என்றார். ஆமாம் என்றேன். “தனபாலு சொன்னான்னு எழுதப்படாதா, அவன் என்னத்துக்குத்தான் இருக்கான்” என்றார். அதன் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க கையெழுத்துப் போடணும், காட்டு” என்றார்.

இனி அப்பா சொன்னது. மகனே, பிடுங்கினது என் கைதான், தங்கச்சியைக் கோபிக்காதே. டப்பாவை வெளியே வைத்துப் பனி முழுக்க இளகின பிறகு சுடவை, ஒரு தடவை சுடவைத்ததைத் திரும்ப ஐஸில் வைக்காதே. பாஸ்போர்ட் கிடைத்ததும் அவசரப்பட்டு வேலையை விட்டு ஓடிவராதே, லீவு எழுதிக் கொடுத்து முறையாக வா. அம்மாவின் மண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, நீ ஒரு பிடி போட்ட பிறகு மேடு கட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசும் சேர்ந்து உனக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா,
சா. பிச்சைமணி

கையெழுத்துப் போட்டதும் அப்பா பசிக்கிறது என்றார். காரியம் முடிந்தும் அவர் இன்னும் மீனைத் தொடவில்லை. டப்பாக்களில் போட்டது போகச் சட்டியில் கொஞ்சம் மீதி இருந்தது. நான் எழுந்து அதைச் சுடவைத்து அப்பாவுக்குச் சோறு போட்டேன்.