போத்தல்கள் விருந்தாளிகளுக்கு வாங்கியவை

அனுப்புநர்:
செல்வி கிருசாந்தி குலசிங்கம்,
வாசிகசாலையடி, எழுவைதீவு.

பெறுநர்:
பயிற்சி இணைப்பு அலுவலர் அவர்கள்,
தீவக இளைஞர் ஊடகப் பயிற்சித் திட்டம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: 'பச்சைப்படலை' சஞ்சிகையில் உள்ளகப் பயிற்சி பெறுவதற்கான எனது சிபாரிசு நிறுத்தப்பட்டமை தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எழுவைதீவில் பிறந்து வளர்ந்து, ஊடகக் கற்கையில் டிப்ளோமா முடித்தவள். சுற்றாடலோடு ஒத்துப்போகும் வாழ்க்கை பற்றி எழுதும் 'பச்சைப்படலை' என்ற கொழும்புச் சஞ்சிகை, தனது உள்ளகப் பயிற்சியில் தீவகத்துக்கென ஓர் இடம் ஒதுக்கியுள்ளது. அதற்கு என்னைச் சிபாரிசு செய்திருந்த தங்கள் அலுவலகம், இப்போது அதை நிறுத்திவிட்டதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. "பிளாஸ்ரிக் பாவனைக்குப் பெயர்போன ஊரைச் சேர்ந்தவர்" என்பதே காரணம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைத் தாங்கள் அறியவேண்டும்.

2. தற்போது அங்கே பயிற்சி பெறும் நிலக்ஷன், பவதாரணி இருவரும் ஆனி மாதம் எங்கள் தீவைப் பற்றி எழுத வந்தார்கள். நாங்கள் எல்லோரும் குடிப்பது நல்லதண்ணிக் கிணற்றுத் தண்ணீர். அதில் சாடையான உவர் உண்டு. எங்கள் நாக்குக்கு அது தெரிவதேயில்லை. மாதர் சங்கத் தலைவி அன்னபூரணம் அக்காவுக்குத்தான் கவலை வந்தது. "கொழும்புப் பிள்ளையளுக்கு எங்கட தண்ணி ஒத்துக்கொள்ளாது. வயித்தாலை போனால் வெட்கம் ஆருக்கு?" என்று கேட்டார். சங்கம் முழுவதும் ஓம் என்றது. ஊர்காவற்றுறையில் பெட்டி பெட்டியாகப் போத்தல் தண்ணீர் வாங்கி வள்ளத்தில் ஏற்றினோம். நாங்கள் வழமையாகத் தண்ணீர் கொடுக்கும் பித்தளைப் பேணிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம்.

3. வள்ளத்தில் வந்த உக்காத பொருள் வள்ளத்திலேயே திரும்பிப் போகவேண்டும் என்பது எங்கள் ஊர் ஏற்பாடு. ஆகவே வெறும் போத்தல்களை வாசிகசாலைக்குப் பின்னால் சேர்த்து வைத்தோம். சோளகக் காற்று எழும்பி வள்ளம் ஓடாமல் விட்டது. விருந்தாளிகள் கூடுதலாகத் தங்கினார்கள், போத்தல்களும் கூடின. அந்தக் குவியல்தான் சஞ்சிகையில் 'போத்தல் தீவு' என்ற தலைப்பில் முழுப்பக்கப் படமாக வந்தது. கடல் அடங்கிய பிறகு அவர்களும் போத்தல் மூட்டைகளும் ஒரே வள்ளத்தில்தான் கரைக்குப் போனார்கள். மூட்டையில் சாய்ந்து இருவரும் நல்ல நித்திரை என்று வள்ளக்கார இராயப்பு அண்ணை சொல்கிறார்.

4. அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன்; இருக்கிறது. ஆனால் அவர்கள் பொய் எழுதவில்லை. கண்டதைப் படம் பிடித்தார்கள். இந்தப் போத்தல்கள் யாருக்கு வாங்கியவை என்று மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை. நான் அங்கே பயிற்சியில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். இந்த இடத்துக்கு எனக்குள்ள தகுதியாக அதையே தங்கள் முன் வைக்கிறேன்.

5. எங்கள் ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கையில் பனையோலைக் கூடை இல்லாமல் கடைக்குப் போனால் முதலாளி ஜெகதீஸ் அண்ணை மேலும் கீழும் பார்ப்பார். அந்தச் சஞ்சிகை பக்கம் பக்கமாகப் படிப்பிப்பதில் பாதியை நாங்கள் ஒரு பெயரும் வைக்காமல் செய்துவருகிறோம். வந்தவர்களை எங்களைவிட மேலாகக் கவனிக்கப்போய்த்தான் இந்தப் பெயர் வாங்கினோம்.

6. எனவே எனது சிபாரிசை மீண்டும் வழங்குமாறும், கடிதத்திலுள்ள அந்த வாசகத்தை நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால் வாசகத்தை நீக்குங்கள். இடத்துக்கு நான் அடுத்த முறையும் விண்ணப்பிப்பேன். ஊருக்கு வந்த பெயரோடு அதுவரை இருக்க எனக்கு ஏலாது.

7. தாங்கள் நேரில் வந்து விசாரித்தால் மிகவும் மகிழ்வோம். ஒன்றை முன்கூட்டியே அறியத்தருகிறேன்: இம்முறை போத்தல் வாங்குவதில்லை என்று சங்கம் தீர்மானித்துள்ளது. தங்களுக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் தரப்படும். அதைத் தயவுசெய்து மரியாதைக் குறைவாக எண்ணவேண்டாம். அன்னபூரணம் அக்கா பேணிகளை வெளியே எடுத்துப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறார்.

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
எழுவைதீவுப் பெண்,

(ஒப்பம்) கு. கிருசாந்தி

இடம்: எழுவைதீவு
திகதி: 12.08.2025

பிரதி: ஆசிரியர், 'பச்சைப்படலை'