நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை காலை கூடலூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நடுவட்டம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும், முன் இருக்கையிலிருந்த ஒரு பெண் தன் குழந்தைக்குக் குமட்டாமல் இருக்க, தைலப் புட்டியைத் திறந்து கைக்குட்டையில் கொஞ்சம் விட்டாள். வாசனை என் பக்கம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நீங்கள் உட்கார்ந்து, கைக்குட்டையை மூக்கருகே பிடித்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "ஆரம்பிக்கலாங்களா?" என்று என்னைப் பார்த்துத் தலையசைப்பது போலவே இருந்தது.

ஊட்டிக் குளிர் உங்கள் தொண்டைக்கு ஒத்துக்கொண்டதே இல்லை. வானொலி நிலையத்தின் அந்தச் சின்ன ஒலிப்பதிவு அறையில் உங்களுக்கு முன் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தைல வாசனையோடுதான் வீடு திரும்பியிருப்பார்கள். சனிக்கிழமை என்றால் அறிவியலோ கலையோ. ஞாயிறு என்றால் அரசியலோ பண்பாடோ. யாராவது ஒரு விருந்தினர், எதிரே நீங்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலியைச் சரிபார்த்துக்கொண்டு நான். அப்படியே பல வருஷங்கள் ஓடின.

உங்கள் கேள்விகள் சின்னவை. அதுதான் எனக்கு முதலில் பிடித்தது. ஒரு அரசியல் பிரமுகர் வந்திருந்தார். மைக்கைக் கண்டதும் மேடை ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு. குரல் ஏற ஏற நான் ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஐயா, இங்க நான் ஒருத்திதாங்க இருக்கேன். எனக்கு மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். மனிதர் கப்பென்று அடங்கிப்போனார். அதற்குப் பிறகு அவர் பேசியதுதான் பேச்சு. இன்னொரு நாள், விண்மீன்களை ஆராய்கிறவர் ஒருவர். பாடம் நடத்துவதுபோல் சொல்லிக்கொண்டிருந்தவரிடம், "வானத்தைப் பாத்து நீங்க எப்பவாவது பயந்திருக்கீங்களா?" என்று கேட்டீர்கள். அவர் பதில் சொல்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, தன் மனைவி இறந்த வாரத்தில் வானத்தை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை என்றார். ஒலிபரப்புக்கு முன்பு ஒலிநாடாவிலிருந்து அந்த மௌனத்தை வெட்டிவிட நான் கத்தரியைத் தேடினேன். நீங்கள் விடவில்லை. "அதுதாங்க பதில். மத்ததெல்லாம் அதுக்கு விளக்கம்" என்றீர்கள்.

சில ஞாயிறுகளில் நிகழ்ச்சி நேரலையாகப் போகும். அந்த நாட்களில் எனக்கு எப்போதும் பயம்தான். அந்த மழை ஞாயிறு அதனால்தான் இன்னும் மனதில் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து கூத்துக்கலை பற்றிப் பேச ஒருவர் வருவதாக இருந்தது. மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. அவருடைய வண்டி அங்கேயே நின்றுவிட்டது. டியூட்டி ஆபீசர் பாட்டுப் போட்டுச் சமாளித்துவிடலாம் என்றார். நீங்கள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நீங்க உள்ள வாங்க."

"நானுங்களா? நான் வந்து என்னத்தைப் பேசறதுங்க?"

"சத்தத்தைப் பத்திப் பேசுங்க. அதுல அறிவியலும் இருக்கு, கலையும் இருக்கு. வாங்க, நேரமாச்சு."

டியூட்டி ஆபீசர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் உங்கள் எதிரே. இத்தனை காலம் எத்தனையோ பேருக்கு நான் வைத்துக்கொடுத்த மைக் அன்று என் முகத்துக்கு நேரே இருந்தது. முதலில் எல்லாம் சுலபமாகத்தான் போனது. மூடுபனி இறங்கினால் சத்தம் எப்படி மாறும், தேயிலை ஃபேக்டரிக்குள் ஒலிப்பதிவு செய்தால் எது கேட்கும் எது கேட்காது என்றெல்லாம் சொன்னேன். சிரிக்கக்கூடச் செய்தேன். அப்போது கேட்டீர்கள்:

"உங்க அப்பா இந்த நிகழ்ச்சியைக் கேப்பாருங்களா?"

அப்பாவும் நானும் பேசிக்கொள்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். குன்னூர் மார்க்கெட்டில் அவருக்குத் தேயிலைத் தூள் கடை. நான் கடைக்கு வரமாட்டேன், ரேடியோ வேலைக்குத்தான் போவேன் என்றதும், "ஒயரை முறுக்கறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கேட்டவர், அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போனால், "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

எனக்குக் காது சூடேறிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். நீங்கள் கேள்வியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, உதவிக்கு வரவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை என்பதுபோல் காத்திருந்தீர்கள்.

"கேப்பாருங்க" என்றேன் கடைசியில். "கடையில ரேடியோ ஓடிட்டேதான் இருக்கும். நான் மொத மொதல்ல ரேடியோவைப் பிரிச்சுப் பாத்ததே அந்தக் கடையிலதானுங்க. தூள் வாசனை இல்லாம எனக்கு ரேடியோவே கெடையாது."

சிவப்பு விளக்கு அணைந்ததும் உங்கள்மேல் பாய்ந்தேன். "அது எங்க ஊட்டு விஷயமுங்க. ஊரு கேக்கற மாதிரி இழுத்து விட்டுட்டீங்களே!"

"நீங்க பதில் சொல்லாம இருந்திருக்கலாமே" என்றீர்கள். பிறகு, குரலைத் தணித்து, "கோவிச்சுக்காதீங்க. கேக்காம இருக்க முடியல" என்றீர்கள். அந்த வாரம் முழுவதும் நான் உங்களிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு, நிகழ்ச்சி முடிந்து நாம் வெளியே வரும்போது வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். மஃப்ளர், ஸ்வெட்டர், கையில் ஒரு தூள் பொட்டலம். என்னைப் பார்த்தார், பார்க்காததுபோல் உங்களிடம் திரும்பினார்.

"ஏனுங்க, அந்தக் கேள்வி கேக்கற அம்மிணி நீங்கதானுங்களா?"

"ஆமாங்கய்யா."

"அன்னைக்கு இவன் சொன்னதுல ஒரு தப்பு இருக்குதுங்க. ரேடியோவை இவன் பிரிக்கல. நான்தான் பிரிச்சு, எது எங்க இருக்குன்னு இவனுக்குக் காட்டுனேன். அதை இவன் சொல்லவே இல்லீங்க."

அதைச் சொல்லத்தான் குன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். எனக்கு அது நிஜமாகவே மறந்துபோயிருந்தது. ஸ்குரூ ஒவ்வொன்றையும் கழற்றித் தராசுத் தட்டில் போட்டு வைத்த அவர் விரல்கள் அப்போதுதான் ஞாபகம் வந்தன.

நீங்கள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "இதை என்கிட்ட சொல்லி என்னங்கய்யா பிரயோஜனம்? அவருகிட்ட சொல்லுங்க" என்று எதிர்ப்பக்கத்து டீக்கடையைக் காட்டிவிட்டு நடந்துவிட்டீர்கள். அப்பாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "தூள் மோசம்" என்றார். என்னிடம்தான் சொன்னார். அத்தனை வருஷங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "ஆமாங்கப்பா" என்றேன். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

மறுநாள் உங்களிடம் நன்றி சொல்ல வந்தேன். நீங்கள் அதைக் காதிலேயே வாங்காமல், உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசினீர்கள். மைக் முன்னால் பேசும் தமிழ் இல்லை அது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் பேசும் தமிழ். "எங்கப்பா சிலோன் தோட்டத்துல பொறந்து வளந்து, ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு இங்க அனுப்புனப்ப கப்பல்ல வந்து இறங்குனவரு. அங்க என்னத்த விட்டுட்டு வந்தாரு, இங்க கால் வச்சப்ப என்ன நெனச்சாரு, ஒண்ணுமே நான் கேட்டதில்ல. போயிட்டாரு. இப்ப ஊர்ல உள்ளவங்களையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"அம்மாகிட்ட கேக்கலாமுங்களே?"

"அம்மா அழுதிரும். எனக்குத் தைரியம் இல்ல."

யாரிடமும் எதையும் கேட்டுவிடுகிற நீங்கள் தைரியம் இல்லை என்று சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். உங்கள் தொண்டைத் தொந்தரவு மூச்சுத் திணறலாகிப் பெரிதானது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தபோது, ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, "இந்த வாரம் யாருங்க?" என்று கேட்டீர்கள். நிகழ்ச்சியே இல்லை என்று சொல்ல மனம் வராமல், ஒரு பறவை ஆராய்ச்சியாளர் வருவதாகச் சொன்னேன். "மொதல்ல அவரு பேரைச் சரியாச் சொல்லக் கத்துக்கணும்" என்றீர்கள்.

போன ஞாயிறு நான் கூடலூருக்குப் போனது ஒரு கல்யாணத்துக்கு. ஆனால் பஸ்ஸில் அந்தத் தைல வாசனை வந்ததிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாப்பிட்ட கையோடு ஆட்டோ பிடித்து உங்கள் அம்மா இருக்கும் லயத்துக்குப் போனேன். மாலை போட்ட உங்கள் படத்துக்குப் பக்கத்தில் உங்கள் அப்பா படமும் இருந்தது. "வாங்க தம்பி, ரேடியோ தம்பிதானே" என்று உங்கள் அம்மா உட்கார வைத்தார்கள். உங்களைப்போல் சின்னதாகக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். வாய் குழறியது.

"அம்மா, நீங்களும் அவரும் கப்பல்ல வந்து இறங்குனீங்களே… அன்னைக்கு அவரு என்ன சொன்னாருங்க?"

அவர்கள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ கோழியை விரட்டினார்கள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ராமேஸ்வரத்துல இறங்குனோம். வெயிலு அப்படி ஒரு வெயிலு. அங்க தேயிலைக் கொழுந்து எடுத்த கூட்டம், மலையத் தவிர ஒண்ணும் கண்டதில்ல. எல்லாரும் மண்ணைத் தொட்டுக் கும்புட்டாங்க, அழுதாங்க. இவரு நேரா கடைக்குப் போயி ஒரு பிளேன்டீ வாங்கிக் குடிச்சாரு. குடிச்சுப்புட்டு என்கிட்ட வந்து சொல்றாரு: 'இந்தா புள்ள, இவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தத் தெரியல. நாம வந்தது நல்லதாப் போச்சு.'"

சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்கள்: "இதை ஏன் தம்பி எம்மவ ஒருநாளும் கேக்கல?"

"நீங்க அழுவீங்கன்னு பயந்தாங்கம்மா."

"அழுவேன்தான். அதுக்கென்ன? அழுதுக்கிட்டே சொல்லியிருப்பேன்."

சாயங்காலம் வரை இருந்தேன். ஒலிப்பதிவு எதுவும் செய்யவில்லை. விடைபெறும்போது, அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார்கள். கப்பலில் ஏறுவதற்கு முந்தின கதை அப்படியே இருக்கிறதாம். போவதாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டு வந்து, உங்களுக்கு எழுதுகிறேன்.