சன்ரூஃப் கணக்கு

ஜனவரி 20, 2025

இன்று மீட்டிங். இரண்டு வருடத்தில் எங்கள் விருதுநகர் ஷோரூம் விற்ற முந்நூற்றுப் பன்னிரண்டு கார்களை வைத்து நான் செய்த பகுப்பாய்வைத் திரையில் காட்டினேன். நிறம், ஏர்பேக், மைலேஜ், டிக்கி அளவு எல்லாவற்றையும்விட விற்பனையைத் தூக்குவது கூரையில் திறக்கும் சன்ரூஃப் கண்ணாடிதான் என்று வந்திருக்கிறது.

இருபத்திரண்டு வருடமாக இங்கே விற்பனையில் இருக்கும் அய்யாதுரை அண்ணாச்சி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “அது தீபாவளிப் பட்டாசு லோடு போயி, சிவகாசிக்காரக கையில ரூவா புரண்ட நேரம். அப்ப எந்த வண்டிய நிறுத்தியிருந்தாலும் வித்திருக்கும்.”

“இது மனக்கணக்கு இல்ல அண்ணாச்சி. உங்களுக்குப் புரியாது” என்று சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சன்ரூஃப் வண்டியாக நாற்பது ஆர்டர் போடச் சொன்னார்.

பெருமையாக இருக்கிறது.

பிப்ரவரி 14

வண்டிகள் வந்துவிட்டன. யார்டில் நிறுத்த இடமில்லை.

மார்ச் 19

ஆறுதான் போயிருக்கிறது. ‘மார்க்கெட் மந்தம்’ என்று அறிக்கையில் எழுதினேன்.

ஏப்ரல் 7

மதியம் சும்மா, வண்டி விற்ற மாதத்தையும் ஒரு காரணியாகச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சன்ரூஃபின் பலன் ஏறக்குறைய பூஜ்யம்.

சன்ரூஃப் மாடல் எங்களுக்கு வந்ததே போன ஆகஸ்டில். தீபாவளி வரைக்கும் விற்று, ஸ்டாக் தீர்ந்துவிட்டது. சீசன் இல்லாத மாதத்தில் சன்ரூஃப் வண்டி ஒன்றுகூட எங்களிடம் இருந்ததில்லை. சீசன் விற்றதை சன்ரூஃப் விற்றதாக எழுதியிருக்கிறேன். அண்ணாச்சி ஒரே வரியில் சொன்னதுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

ஏப்ரல் 11

சொல்லவில்லை. நாலு நாளாகச் சொல்லவில்லை.

இன்று அண்ணாச்சியை அனுப்பிவிட்டார்கள். சன்ரூஃப் வண்டி ஒன்றுகூட அவர் விற்கவில்லையாம். “கணக்கே சொல்லுது இந்த வண்டி ஓடும்னு. உமக்குத்தான் விக்கத் தெரியல” என்றார் முதலாளி. என் கணக்கு. நான் பக்கத்து மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். வாயத் தொறக்க என்னடி பயம் உனக்கு, சுகிர்தா?

ஏப்ரல் 12

முதலாளி அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 29

முதலாளியிடம் எல்லாவற்றையும் காட்டினேன். எல்லார் முன்னாலும் அனுப்பியவரை இனி எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று கேட்டார். இதை வெளியே சொல்ல வேண்டாமாம். நாளையிலிருந்து நான் விற்பனையில் நிற்க வேண்டுமாம். சரி என்றேன்.

மே 4

திருத்தங்கலில் இருக்கும் அண்ணாச்சி வீட்டுக்கு பஸ் ஏறிப் போனேன். இப்போது அந்த ஊரிலேயே ஒரு பழைய கார் கடையில் வேலை பார்க்கிறார். இன்று ஞாயிறு, வீட்டில்தான் இருந்தார். “வாங்க சுகிர்தா, வெயில்ல வந்திருக்கீக” என்று நாற்காலியை எடுத்துப் போட்டார். அதுவே தாங்க முடியவில்லை.

கணக்குத் தப்பானதைச் சொன்னேன். ஏப்ரல் ஏழாம் தேதியே தெரிந்ததையும், பதினொன்றாம் தேதி பேசாமல் இருந்ததையும் சொன்னேன்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “கணக்கு யாருக்கும்தான் தப்பும். அன்னைக்கு மீட்டிங்ல சிரிச்சீக பாத்தீகளா... அத எம்மககிட்டகூட நான் சொல்லல.”

மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்றேன். அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, “காப்பி ஆறுது, குடிங்க” என்றார்.

மே 5

அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஜூன் 16

விஸ்வநத்தத்திலிருந்து நாகையா என்று ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷனாம். ஒவ்வொரு வண்டியிலும் ஏறி உட்கார்ந்து, இறங்கிப் பார்த்தார்கள். காலை மடக்காமல் ஏற வருகிறதா, அது ஒன்றுதான் கேள்வி. என் அட்டவணையின் முந்நூற்றுப் பன்னிரண்டு வரிசையிலும் அதற்கு ஒரு கட்டம் நான் வைத்திருக்கவில்லை.

“அய்யாதுரை இருந்தா டக்குனு சொல்லிருவாரு. எங்க அவரு?” என்றார் நாகையா.

வேலையை விட்டுப் போய்விட்டார் என்றேன்.

“நல்ல மனுசனாச்சே. ஏன் போனாரு?”

முதலாளி கண்ணாடி அறையில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

“என்னாலதான்” என்றேன்.

அண்ணாச்சியின் போன் நம்பரையும் அவர் இருக்கும் திருத்தங்கல் கடையையும் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா என் தோளைப் பிடித்து மெல்ல வாசல் படி இறங்கினார்கள். திருத்தங்கல் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.