சாட்டையடிக்கு நடுவே குறட்டை

1969, ஐப்பசி, வெள்ளி இரவு.

பூசாரியைச் சாட்டையால் அடித்துவிட்டேன். கை இன்னும் எரிகிறது. துளி வருத்தமில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. பகலில் மில்லில் நின்றபடியே தூங்கி விழுகிறார். தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறதாம். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தால் சரியாகும், இப்போதுதான் வந்திருக்கிற வைத்தியம் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர்.

"கழுத்தை அறுக்கறதுக்கா எம்பையனைப் பெத்தேன்?" என்று கத்திய மாமியார் இன்று பூசாரியோடு வந்து நின்றார். "நெஞ்சு மேல முனி உக்காந்து அமுக்குதுங்க சாமி. ஓட்டிப்போடுங்க."

பூசாரி இவரை வாசலில் மண்டியிட வைத்து முதுகு கிழியச் சாட்டையால் அடித்தான். அடி விழ விழவே இவர் தலை தொங்கியது. குறட்டை விட்டார்!

"பாத்தீங்களா, முனி உறுமுது" என்று பூசாரி மறுபடி கையை ஓங்கினான். அதற்குள் குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. உதடு கறுத்தது. சாட்டையைப் பிடுங்கி அவன் முகத்திலேயே விளாசினேன். மாமியார் என் முடியைப் பிடித்து இழுத்தார். அந்தக் கூச்சலில்தான் இவர் மூச்சை இழுத்துக்கொண்டு கண் விழித்தார்.

"ஏனம்மணி, என்ன சத்தம்?"

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். குறுக்கே யார் வந்தாலும் அடிதான்.

இதோ, பக்கத்தில் குறட்டை நின்றுவிட்டது. முழங்கையால் விலாவில் குத்தினால்தான் மூச்சு திரும்பும். தினமும் நான் குத்திக் குத்திக் கன்றிப்போன இடம் அது. பேனாவை வைக்கிறேன்.