மனுசப் பெயர் இல்லாத நான்கு எல்லை

அத்தா,

இட்லி ஹாட்பாக்ஸில். சாவி வழக்கமான ஆணியில். நாரணாபுரம் வீட்டுத் தரகர் பத்து மணிக்கு வருவார். டீ கொடுங்கள், கையெழுத்தைக் கொடுக்காதீர்கள்.

அவர் விட்டுப்போன தாளைப் படித்தேன். அது கிரையப் பத்திரம் இல்லை, கிரைய ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டாலும் வீடு நமதாகாது. மூன்று மாதத்தில் வாங்கியே தீருவோம் என்று நாம்தான் மாட்டிக்கொள்வோம். முப்பது வருட வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரத்தின் அசலும் கேளுங்கள். “அதெல்லாம் வந்துரும் பாய்” என்பார். வந்த பிறகுதான் அட்வான்ஸ்.

இரண்டாம் பக்கத்தில் நான்கு எல்லை இருக்கிறது. வடக்கே அட்டைப்பெட்டி குடோன், தெற்கே தரிசு, மேற்கே தரிசு, கிழக்கே ரோடு. மனுசப் பெயர் ஒன்றுகூட இல்லை. நேற்று நாம் கத்தியதற்கு சம்சாத் மாமி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “என்னண்ணே, ரெண்டு பேரும் சாப்பிட்டீகளா இல்லையா?” என்றார். குடோன் அப்படிக் கேட்காது. அங்கே நீங்கள் யாரோடு கத்துவீர்கள்?

“ஊரை விட்டுப் போறவனுக்கு வீட்டப் பத்தி என்னலே பேச்சு?” என்றீர்கள். நியாயம்தான். கோவை ஹாஸ்டலில் எனக்கு எல்லைகூடக் கிடையாது, கட்டில் நம்பர்தான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் தூங்குகிற மாதிரி படுத்திருந்தீர்கள், நானும் நம்பிவிட்டேன்.

ஜாபர்

பி.கு.: கடைசிப் பக்கத்தில் சாட்சிகளுக்கு இரண்டு இடம். ஒன்றில் தரகர் தன் மச்சானை எழுதிவிட்டார். மற்றதில் பென்சிலால் என் பெயரை எழுதியிருக்கிறேன். அழித்துவிடாதீர்கள். சாட்சி என்றால் நேரில் வந்துதான் ஆக வேண்டும்.