பலூனும் மாடிப்படியும்

என் கோபக்காரிக்கு,

உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் நீ இரண்டு மாதமாக அங்கே இருக்கிறாய் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தப் பொய்யை அக்கா மன்னிக்கட்டும்.

பதறாதே. போன வருஷம் என் இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட் மறுபடி அடைத்துக்கொண்டது. நேற்று அதற்குள் பலூன் விட்டு ஊதி விரித்தார்கள். இது ஓர் ஆய்வு. சிலருக்கு மருந்து பூசிய பலூன், சிலருக்கு வெறும் பலூன். எனக்கு எது என்று சொல்ல மாட்டார்களாம். டாக்டர்கள் பேசுவதும் கேட்கக்கூடாது என்று காதில் பாட்டை மாட்டிவிட்டார்கள். என்ன நடக்கிறதென்று தெரியாமல் இருப்பது, உன்னோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்தவனுக்குப் புதிதா?

ஒரு தப்பு செய்துவிட்டேன். படிவத்தில், என் உடல்நிலையைச் சொல்லக்கூடியவர் என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் உன் நம்பரை எழுதிவிட்டேன். மாதாமாதம் நர்ஸ் உன்னைக் கூப்பிட்டு, "மாடி ஏறினா அவருக்கு மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்பார்.

"அவங்க உங்க கூடத்தானே இருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டார். "ஆமா, இப்ப வீட்டு மாடியில துணி காயப்போட்டுட்டு இருப்பாங்க" என்றேன்.

உனக்குப் பொய் சொல்ல வராது. மாடிப்படியோ நம் வீட்டில்தான் இருக்கிறது. நான் ஏறிக் காட்டுகிறேன். நீ கீழே நின்று பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஆய்வில் நாற்பத்தொன்றாம் நம்பர்